அஸ்லானுடைய வீடு

அத்தியாயம் 6

எங்கள் ஆபீஸுக்கு வருகிற கேஸ்களில் பாதி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பது. மீதிப் பாதி, எவ்வளவு குடிப்பார் என்பது. ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் ஃபோன் பண்ணுவார்கள், நாங்கள் இங்கே பையனின் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு பதில் சொல்லுவோம். துப்பறியும் தொழில் என்று கேள்விப்பட்டு வந்தவன் நான். இப்படி நாறும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆபீஸ் என்பது அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சர் என்கிற ஊரில் ஒரு டவுன்ஹவுஸ் பேஸ்மென்ட், வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் நடுவே. முதலாளி சேனாபதி சார், கோபிசெட்டிப்பாளையத்துக்காரர், க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் ஸ்பான்சர் பண்ணின கிரீன் கார்டில் வந்தார். சும்மா உட்கார்ந்தால் பேரனுக்கு டயப்பர் மாற்றச் சொல்கிறார்கள் என்று இந்தத் தொழிலை ஆரம்பித்தார். நான் சபரிநாதன். என்னை இறக்குமதி செய்த கம்பெனி ப்ராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. விசா ரூல்படி நான் வேறு எங்கேயும் சம்பளம் வாங்கக் கூடாது. சேனாபதி சாரும் தருவதில்லை. சட்டத்தை மதிக்கிற ஆபீஸ்.

தொண்ணூற்றெட்டு மார்ச், ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை. மழையோடு மழையாக கலாவதி படியிறங்கி வந்தாள். ஈரோட்டுப் பெண், பக்கத்து யூனிவர்சிட்டியில் மொழியியலில் பிஎச்டி. மூணு நாளாகத் தூங்காத முகம்.

"அங்கிள், என் டேப்பைத் திருடிட்டாங்க."

"உக்காருங்க அம்மணி," என்றார் சார். "சபரி, காப்பி. என்ன டேப்புங்க?"

"கராச்சாய்-பால்கார்னு ஒரு பாஷை. ரஷ்யாவோட தென்கோடியில, காகசஸ் மலையில பேசறாங்க. துருக்கி பாஷைக்கு சொந்தம். இங்கே பேட்டர்சன்ல அந்தக் குடும்பங்க நிறைய இருக்கு."

"பேட்டர்சன்ல எல்லா பாஷையும் கிடைக்கும். பார்க்கிங்தான் கிடைக்காது," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

"அந்த பாஷையோட வேற்றுமை உருபும் உடைமை விகுதியும்தான் என் தீசிஸ்," என்றாள்.

ஐ, ஆல், கு என்று ப்ளஸ் டூ பரீட்சைக்கு உருப்போட்டதோடு எனக்கு அந்த உறவு முடிந்தது. சார் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனுஷனுக்கு மாப்பிள்ளை அல்லாத எந்த விஷயமும் அமிர்தம்.

"ஈஸி அங்கிள். அவங்களும் நம்மள மாதிரிதான், சொல்லோட வால்ல ஒட்டிக்கிட்டே போவாங்க. நமக்கு வேற்றுமை எட்டு, அவங்களுக்கு ஆறு. வீடுன்னா 'உய்'. என் வீடுன்னா 'உயூம்'. நாம அஸ்லானோட வீடுன்னு சொன்னா அஸ்லானுக்கு மட்டும்தானே வால் ஒட்டறோம்? அவங்க வீட்டுக்கும் ஒண்ணு ஒட்டுவாங்க. 'அஸ்லான்னி உயூ'. அஸ்லானுடைய, அவருடைய வீடு."

"சொந்தக்காரனும் கையெழுத்துப் போடோணும், சொத்தும் கையெழுத்துப் போடோணும். எங்கூரு ரெஜிஸ்தர் ஆபீஸ விடக் கறாரா இருக்குதே," என்றார் சார்.

அன்று முதல் தடவையாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே போய்விட்டது.

விஷயம் இதுதான். பேட்டர்சனில் நஃபிசத் என்று ஒரு வயதான அம்மா. சனிக்கிழமை தோறும் கலாவதி அங்கே போய் அவர்களைப் பேச வைத்து ரெக்கார்ட் பண்ணுவாள். போன சனிக்கிழமை கடைசி நாள். ஒரு ஆளின் பெயரை வைத்துக்கொண்டு ஆறு வேற்றுமையையும் அத்தனை உடைமை விகுதியையும் வரிசையாகச் சொல்ல வைத்து ஒரு முழு கேசட் எடுத்தாள். தீசிஸின் நடு அத்தியாயம் மொத்தமும் அந்த கேசட்டின் மேல் நிற்கிறது. டிபார்ட்மென்ட் தோழன் க்ரிஷ் தன் காரில் வந்து கூட்டிக்கொண்டு போனான். மறுநாள் கேசட் பெட்டியைத் திறந்தால் உள்ளே வேறு கேசட்.

"வெள்ளிக்கிழமை டிஃபன்ஸ் அங்கிள், தீசிஸுக்கான வைவா. கமிட்டி அந்த டேப்பைக் கேக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் எழுதினதை அவங்க நம்பலை, காதால கேட்டாத்தான் ஒத்துக்குவாங்களாம். அந்த டேப்பைத்தான் ஆதாரம்னு எழுதிக் கொடுத்திருக்கேன், புதுசா எடுத்தா செல்லாதாம். இந்த செமஸ்டரோட ஃபண்டிங் முடியுது. டிஃபன்ஸ் தள்ளிப்போனா ஸ்டூடன்ட் விசாவும் போச்சு. இத்தனை வருஷம் படிச்சுட்டு மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குப் போகணும்." குரல் உடைந்தது. "அடுத்த வருஷ டீச்சிங் போஸ்ட்டுக்கு க்ரிஷும் நானும்தான் போட்டி. அவன்தான் மாத்தியிருப்பான்."

மாற்றி வைக்கப்பட்டிருந்த கேசட்டை சார் வாங்கினார். லேபிள் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக். ஒரு பக்கம் வெள்ளையாகவே இருந்தது, மறுபக்கம் டீக்கறை பிடித்த மாதிரி மஞ்சள். கலாவதியின் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டோம். அக்கார்டியன் வாசிப்பு, பின்னால் கைதட்டல். மலைக்காரர்களின் டான்ஸ் பாட்டு என்றாள் கலாவதி.

"க்ரிஷ் வண்டியில என்ன ப்ளேயருங்க?"

"சிடி. ஆறு டிஸ்க் சேஞ்சர். ஏறும்போதெல்லாம் அந்தப் பெருமையைத்தான் கேக்கணும்."

"அப்ப அவன் இல்லைங்க. இது டேஷ்போர்டுல மாசக்கணக்கா வெயில்ல கிடந்த கேசட்டு. மேல் பக்கம் மட்டும் வெந்திருக்குது பாருங்க. சிடி வண்டிக்காரன்கிட்ட இது ஏது? பாட்டும் அந்த மலைக்காரங்க பாட்டு. எடுத்தது பேட்டர்சன் வீட்டுலயே தானுங்க."

கலாவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்களா? எனக்குச் சாப்பாடு போடாம அனுப்ப மாட்டாங்க அங்கிள். அவங்களுக்கு எதுக்கு அந்த டேப்?"

"அதைத்தான் நானும் கேக்கறன். யார் பேரைச் சொல்ல வெச்சீங்க?"

"அஸ்லான். ஏதாவது ஒரு ஆம்பளை பேர் சொல்லுங்கன்னு கேட்டேன். அவங்க யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. பையன் முராத்துக்கு அவசரம். அவன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு. 'அப்பா பேரையே போடுங்க'ன்னுட்டான்."

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அமெரிக்காவில், மார்ச் மாசக் குளிரில், ஸ்வெட்டருக்குக் கீழே வேட்டி. அது அவர் இஷ்டம்.

"உங்கம்மா உங்கப்பாவை எப்படிக் கூப்பிடுவாங்க அம்மணி?"

"'ஏனுங்க'ன்னுதான்."

"பேரு சொல்லி?"

"அய்யோ! ரேஷன் கடைக்காரர் கேட்டாக்கூட என்னைத்தான் சொல்லச் சொல்லுவாங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஈரோட்டு வழக்கம் மலைக்காரங்களுக்கு எப்படி சார் செல்லும்?" என்றேன்.

"செல்லும் சபரி," என்றாள் அவள், கையை எடுக்காமலேயே. "அங்கேயும் கட்டிக்கிட்டவ புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. நான் படிச்சிருக்கேன். அடிக்கோடு கூடப் போட்டிருக்கேன். எனக்கு என் டேபிள் நிரம்பினா போதும்னு இருந்துச்சு. சீ!"

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே அவங்க?"

"விருந்தாளி கேட்டதை மறுக்கக் கூடாது. அதுவும் அங்கே வழக்கம். அதைவிடக் கொடுமை, வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க ஆளுங்க கூடற ஹால்ல விருந்து இருக்கு. அவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி இந்த டேப்பை அங்கே எல்லாருக்கும் போட்டுக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"வெளங்கிரும்," என்றார் சார். "புருஷன் பேரை ஊருக்கு முன்னால மைக்கு வெச்சு ஒலிபரப்பினா எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும்? மானம் போயிருமேன்னு அந்தம்மா எடுத்து ஒளிச்சு வெச்சிருக்குது. சபரி, வண்டியை எடு சாமி."

என் கரோலாவில் ஹீட்டர் வேலை செய்யாது. ரூட் ஒன்னில் டிராபிக், பார்க்வேயில் டிராபிக், ரூட் எண்பதில் ஏறினால் அங்கேயும் டிராபிக். கலாவதி பின் சீட்டில் உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிப் போனாள். ஒரு நாட்டில் தங்குவதற்கு இப்படியா அலைய வேண்டும் என்று எனக்கு ஆயாசமாக இருந்தது. நானும் அதே நாட்டில் தங்கத்தான் அலைகிறேன் என்பது அப்புறம் ஞாபகம் வந்தது.

பேட்டர்சனில் வீடு ஒடுக்கமாக, ரெண்டு மாடியாக இருந்தது. பக்கத்தில் டிரைவ்வே, அதன் கடைசியில் ஒரு பழைய ப்யூக். கதவைத் திறந்தவன் முராத். முப்பது வயது இருக்கும், ஓங்குதாங்கான ஆள். கையில் பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கிற கேபிள், முகத்தில் எரிச்சல்.

"உள்ளே வாங்க. இன்னைக்கு வீட்டுல எல்லாமே ப்ராப்ளம்," என்றான் இங்கிலீஷில்.

நஃபிசத் அம்மாள் தலையில் ஸ்கார்ஃபோடு வந்தாள். கலாவதியைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கிவிட்டு, பிறகு வந்து இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். கேள்வி கேட்க வந்தவர்கள் என்று சொல்லவே விடவில்லை. மேஜையில் ஹிச்சின் வந்தது, உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உப்புப் போட்ட மோர். சார் ஒன்று சாப்பிட்டார். நான் எத்தனை சாப்பிட்டேன் என்பது இந்தக் கேஸுக்குத் தேவையில்லாத விவரம்.

சார் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, அம்மாவைக் கேளுங்க. அன்னைக்கு அந்தப் பேரைச் சொல்ல வெச்சதுல அவங்களுக்கு மன வருத்தமா?" அவருடைய இங்கிலீஷ் கோபியிலேயே தங்கிவிட்ட இங்கிலீஷ். நான் இன்னொரு தடவை சொன்னேன்.

"எந்தப் பேர்?" என்றான் முராத்.

"உங்கப்பா பேர்."

அவன் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டான். அவள் மேஜை விரிப்பைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். பேசப் பேச அவன் சிரிப்பு ஓய்ந்தது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். எனக்கு இது தெரியவே தெரியாது. விருந்தாளி கேட்டுட்டாங்க, நான் வேற பேரை எடுத்துக் கொடுத்துட்டேன், மறுக்க வழியில்லாமத்தான் சொன்னாங்களாம். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலையாம்." அவன் கேபிளைத் தரையில் வைத்தான். "மாம்... ஐ டிட்ன்ட் நோ."

"டேப்பை அவங்க எடுத்தாங்களான்னு கேளுங்க," என்றார் சார்.

முராத் கேட்டு முடிக்கவில்லை, அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை, ஆனால் நான் கையிலிருந்த ஹிச்சினைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"விருந்தாளி பையில கை வெக்கறதுக்கு முன்னாடி அந்தக் கையை வெட்டிப் போட்டுடுவாங்களாம். எடுத்து என்ன பண்றதுன்னும் கேக்கறாங்க. இந்த வீட்டுல கேசட் ப்ளேயரே கிடையாது. அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது, எங்க வண்டியில முன்சீட்டுல கூட உட்கார மாட்டாங்க."

சார் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷ சர்வீஸ், ஒரு பாட்டியம்மாவைத் திருடி என்று சொல்லிவிட்டு மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கே பாவமாக இருந்தது.

கலாவதிதான் பேசினாள். "விடுங்க அங்கிள். முராத், அம்மாகிட்ட ஸாரி சொல்லுங்க. தப்பு என்னுது. டேப் வேண்டாம். நான் ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு?"

"இந்தியாவுக்கு. டேப் இல்லைன்னா விசா இல்லை."

அதை அவன் மொழிபெயர்த்ததும் நஃபிசத் அம்மாள் நின்றபடியே கலாவதியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கலாவதி அழுதேவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில். எனக்கு அந்த வீட்டிலிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சார் கடைசியாக, ஒரு போலீஸ்காரன் கேட்டே ஆக வேண்டுமே என்பதற்காகக் கேட்ட மாதிரி கேட்டார். "அப்பா எங்க தம்பி?"

"எங்கே இருப்பார்? கார்ல," என்றான் முராத். எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. "சனிக்கிழமையிலேர்ந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கார். எங்கேயும் போறதில்லை. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ரேடியோவை மட்டும் போட்டுக்கறார். பேட்டரி இறங்கிப் போகுது, நான் கடையை விட்டுட்டு வந்து ஜம்ப் கொடுக்கணும். இப்ப கூட அதுக்குத்தான் வந்தேன்."

நான் சாரைப் பார்த்தேன். சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார்," என்றேன். "டேஷ்போர்டு."

"தெரியுது வாடா."

மழை தூறலாகிவிட்டிருந்தது. ப்யூக்கின் கண்ணாடிகள் உள்ளிருந்து மூடுபனி பிடித்திருந்தன. கிட்டப் போனதும் குரல் கேட்டது. ஒரு பெண் குரல், ஸ்கூலில் ஒப்பிக்கிற மாதிரி தயங்கித் தயங்கி. அஸ்லான்னி உயூ. அஸ்லாந்தா. அஸ்லாந்தான். கிர்ரென்று டேப் பின்னால் ஓடியது. மறுபடியும், அஸ்லான்னி உயூ.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். நஃபிசத் அம்மாள் வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். தன் குரலைக் கேட்டு ஸ்கார்ஃபின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள்.

முராத் ஜன்னலைத் தட்டினான். கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு கிழவர், ஓவர்கோட்டோடு, ஒல்லியாக. எங்களைப் பார்த்ததும் ஸ்டாப் பட்டனை அழுத்தினார். ஓடி ஒளிய இடமில்லை என்று தெரிந்த ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். கலாவதியிடம் அவரே இங்கிலீஷில் பேசினார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பல்செட் டக் டக்கென்றது. அந்தச் சத்தம் மைக்கில் விழுகிறது என்றுதான் கலாவதி முதல் நாளே அவரை நகர்த்திவிட்டு அவர் மனைவியைப் பேச வைத்தாளாம். அதை அப்புறம் சொன்னாள்.

"உன் பையில நான்தான் கை வெச்சேன்," என்றார். "நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ. என்னைத் திருடன்னு சொல்லு."

"ஏன் டாட்?" என்றான் முராத்.

"அன்னைக்கு அடுத்த ரூம்ல படுத்திருந்தேன். என் பேர் கேட்டுச்சு. யாரோ கூப்பிடறாங்கன்னு எழுந்து உட்கார்ந்தேன். உங்கம்மா குரல்." அவர் மகனைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினார். "என்னை அவ 'முராத்தோட அப்பா'ம்பா. 'இந்தாங்க'ம்பா. அது எனக்குக் கொடுக்கற மரியாதை, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ வாயில என் பேர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. தெரியாமலே செத்திருப்பேன். கேட்டப்புறம் இன்னொரு தடவை கேக்காம இருக்க முடியலை."

 

முராத் குனிந்து ஏதோ தங்கள் பாஷையில் சொன்னான். இந்தியா என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. கிழவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அனுப்பிடுவாங்களா? இவளையா?"

சிறு பையனாக இருந்தபோது போருக்குப் பயந்து ஓடி, ஐரோப்பாவில் முகாம் முகாமாகக் கிடந்து, துருக்கி வழியாக வந்து சேர்ந்த மனுஷன் என்று கலாவதி வரும் வழியில், தூங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பட்டனைத் தட்டி கேசட்டை வெளியே எடுத்தார். ஓவர்கோட் கைநுனியால் துடைத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "எடுத்துக்கோ. உடனே எடுத்துக்கோ."

கலாவதி கை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை.

"இதுல என்ன இருக்கு?" என்றேன் நான். "ஒரு காப்பி எடுத்து அவருக்குக் கொடுத்தாப் போச்சு. என் ரூம்மேட்கிட்ட டபுள் டெக் இருக்கு."

"டேய்," என்றார் சார் தாழ்ந்த குரலில். "அது யாரு குரலு? அவங்களைக் கேக்காம நீயும் நானும் பங்கு போடறமா?"

எல்லோரும் படியைப் பார்த்தோம். நஃபிசத் அம்மாள் தூறலில் இறங்கி வந்தாள். கணவர் கையிலிருந்த கேசட்டை வாங்கி, கலாவதியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். முராத் மொழிபெயர்த்தான். "உங்க வாத்தியார்களுக்குப் போட்டுக் காட்டலாமாம். அவங்களுக்கு எங்க அப்பாவை யாருன்னு தெரியாதே. ஹால்ல மட்டும் வேண்டாமாம்."

"சத்தியமா போட மாட்டேன்," என்றாள் கலாவதி.

"அப்ப காப்பி?" என்று நான் கிழவரைக் கண்ணால் காட்டினேன்.

நஃபிசத் அம்மாளுக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலையை ஆட்டினாள். கூடாது.

கிழவர் சரி என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த அம்மாளின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு கேசட், ஒரு கிழவர், அதில் என்ன குறைந்துவிடும்? இப்படியும் ஒரு பிடிவாதமா?

அவள் காரின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். மறுபக்கக் கதவைத் திறந்தாள். முராத் "மாம்?" என்றான். அவள் ஸ்கார்ஃபைச் சரி பண்ணிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கிழவர் பக்கத்து ஜன்னல் இன்னும் இறங்கியே இருந்தது.

அவர் பக்கம் திரும்பாமல், நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அஸ்லான்."

கலாவதியின் கை பழக்கதோஷத்தில் பைக்குள் இருந்த ரெக்கார்டருக்குப் போனது. அதை எடுக்காமல் வெறும் கையாகவே வெளியே வந்தது. சார் மழையில் நனைகிறோம் என்பதையும் மறந்து நின்றார்.

கிழவர் பதிலுக்கு என்னவோ கேட்டார். 'என்ன வேணும்?' என்று கேட்டாராம், முராத் எங்களிடம் கிசுகிசுத்தான்.

அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா கூப்பிட்டாள்.